தேவராஜாவின் துவக்குக் கட்சி

தேவராஜா வாழ்நாளில் யாரோடும் சண்டைக்குப் போனவர் அல்ல. வீட்டிலும் அப்படித்தான். மனைவி சந்திரவதனா எதைச் சொன்னாலும் "ஓம்" என்று ஒத்துக்கொள்வார். கொஞ்சம் வீரம் வந்த நாட்களில் "ஓம் ஓம்" என்பார்.

கோண்டாவிலில் பிறந்து, கட்டுபெத்தையில் பொறியியல் படித்து, மெல்பேர்னில் ரயில் சிக்னல் திருத்தி, கிரான்பர்னில் வீடு வாங்கி, ஒரு பிள்ளையை வளர்த்து ஓய்வுபெற்றவர். அவருடைய வாழ்க்கை இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். அடங்காதது ஒரு மாலைப்பொழுது மட்டும். அன்றைக்கு அவர் மேடையேறித் துவக்குக்காக, துப்பாக்கிக்காக, வாதாடினார்.

அதற்குக் காரணம் மாமியார்கள். தென்கிழக்குத் தமிழர் மன்றம் ஆண்டுக்கு ஒரு பட்டிமன்றம் நடத்தும். முந்தைய ஆண்டுத் தலைப்பு, "பெற்றோருக்கு நிம்மதி மகன் வீட்டிலா, மகள் வீட்டிலா?" அது முடிந்தபோது மூன்று குடும்பங்கள் ஒன்றோடொன்று பேச்சை நிறுத்தியிருந்தன. ஒரு மாமியார் இடைவேளைக்கு வைத்திருந்த ரோல்ஸ் தட்டோடு டாக்ஸி பிடித்துப் போய்விட்டார். மன்றத் தலைவரும் நிரந்தர நடுவருமான யோகேஸ்வரன் அன்றே முடிவெடுத்தார். அடுத்த தலைப்பு யாருடைய வீட்டுக்குள்ளும் நுழையக்கூடாது.

"எங்கட ஆக்கள் ஒருத்தரிட்டயும் துவக்கு இல்லை. அமெரிக்காக்காரன்ர சண்டையை எடுப்பம். ஒருத்தருக்கும் நோகாது" என்றார்.

தலைப்பு அச்சாகியது: "துப்பாக்கி வைத்திருப்பது குடிமகனின் உரிமையா, அரசு தரும் அனுமதியா?"

மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. கணவனும் மனைவியும் ஒரே அணியில் இருக்கக்கூடாது. இருந்தால் எதிரணியை விட்டுவிட்டு ஆளை ஆள் திருத்தத் தொடங்கிவிடுவார்கள். சந்திரவதனா அனுமதி அணியின் தலைவி. உரிமை அணிக்குத் தலைமை தாங்க யாரும் வரவில்லை. யோகேஸ்வரன் தேவராஜாவிடம் வந்தார்.

"தேவா, நீ வா."

"துவக்கெண்டாலே எனக்குப் பயம் அண்ணை."

"பட்டிமன்றத்துக்கு நம்பிக்கை தேவையில்லையடா. குரல் இருந்தாப் போதும்."

"குரலும் இல்லையே."

"மைக் இருக்கு."

செய்தி குசினிக்குப் போனது. சந்திரவதனா மீன் வெட்டிக்கொண்டிருந்தார்.

"எனக்கு எதிராக் கதைக்கப் போறியளோ? எந்த வாயால?"

"வெண்டா என்ன தருவீர்?"

"என்ன வேணும்?"

தேவராஜா யோசிக்கவில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்தே யோசித்து வைத்திருந்தார். "எல்லாருக்கும் முன்னால, மைக்கில, 'நீங்கள் சொன்னதுதான் சரி' எண்டு எனக்குச் சொல்லவேணும்."

சந்திரவதனா கத்தியைக் கீழே வைத்தார். அந்த வசனத்தை அவர் அதுவரை எவருக்கும் சொன்னதில்லை. வங்கி மேலாளருக்குச் சொன்னதில்லை. கோயில் குருக்களுக்கும் சொன்னதில்லை.

"சரி, வெண்டு காட்டுங்கோ" என்றார்.

அன்றிலிருந்து தேவராஜா படித்தார். அமெரிக்க அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தம் ஒரே ஒரு வசனம். அதைப் பற்றி எழுதிய தீர்ப்புகளை அடுக்கினால் கூரையை முட்டும். சிக்னல் வரைபடத்தைப் படிப்பதுபோலப் படித்து, அவர் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான். அங்கே துவக்கு உரிமை. அரசு அதற்கு எல்லை போடலாம். ஆனால் அந்த எல்லை செல்லுமா என்று நீதிமன்றம் கேட்கும். ஆஸ்திரேலிய அரசியலமைப்பிலோ துவக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சட்டம் மாநிலங்களின் கையில். லைசன்ஸ் கேட்பவர் தக்க காரணம் காட்டவேண்டும். தற்காப்பு தக்க காரணம் அல்ல.

"அப்ப என்னதான் காரணம் சொல்லலாம்?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுச் சிஹாப்தீன். இறைச்சிக்கடை வைத்திருப்பவர், தேவராஜாவின் ஒரே கூட்டாளி.

"தோட்டம் செய்யிறவர், பயிரைத் தின்னுற முயலைச் சுடவேணும் எண்டு கேக்கலாம்."

"உசிரக் காக்கக் குடுக்க மாட்டாங்க, முயலச் சுடக் குடுப்பாங்களா?"

"ஓம்."

"முயலுக்கு வக்கீல் இல்ல போல, தேவா அண்ணன்."

படிப்பு முடிந்தும் தேவராஜாவுக்குத் திருப்தி வரவில்லை. கழற்றிப் பார்க்காத சிக்னல் ரிலேயைப் பற்றி அவர் ஒருநாளும் அறிக்கை எழுதியதில்லை. கையில் பிடிக்காத சாமானைப் பற்றி எப்படிப் பேசுவது? நகருக்கு வெளியே களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடும் கிளப் ஒன்று இருந்தது. லைசன்ஸ் இல்லாதவர்களும் பயிற்சியாளரின் மேற்பார்வையில் ஒரு தரம் சுட்டுப் பார்க்கலாம். சனிக்கிழமை சிஹாப்தீன் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போனார்.

பயிற்சியாளர் காதுக்கு மூடி கொடுத்தார். துவக்கைத் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டி, மூடி, தேவராஜாவின் இரு கைகளிலும் வைத்தார். குழாய் எப்போதும் வயல் பக்கமே இருக்கவேண்டும் என்று மூன்று முறை சொன்னார். தேவராஜா மூன்று முறையும் தலையாட்டினார்.

பிறகு காலாலேயே சப்பாத்தைக் கழற்றினார். பிறகு, புதுக் கருவி கைக்கு வந்தால் தான் எப்போதும் செய்வதைச் செய்தார். முதல் மல்டிமீட்டருக்கும் அதைத்தான் செய்தார், முதல் காரின் சாவிக்கும் அதைத்தான் செய்தார். துவக்கை உயர்த்தி, பயபக்தியோடு, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார்.

குழாய் அவருடைய நெற்றியைத் தாண்டிப் பின்னால் நின்ற வரிசை முழுவதையும் பார்த்தது. பயிற்சியாளர் போட்ட கூச்சலில் மரத்திலிருந்த வெள்ளைக் கிளிகள் அத்தனையும் கிளம்பின. வரிசை நிலத்தில் விழுந்தது. சிஹாப்தீனும் விழுந்தார், கையிலிருந்த சமோசாவை விடாமல். துவக்கு பறிபோனது. தேவராஜா காலுறையோடு நின்றார். ஒரு குண்டும் சுடாமல் காருக்குத் திரும்பினார்.

"நானா, வீட்டில சொல்லிப்போடாதேயும்" என்று சிஹாப்தீனைக் கெஞ்சினார்.

"சத்தியமாச் சொல்ல மாட்டேன்."

சிஹாப்தீன் மனைவி ரம்லாவுக்கு மட்டும்தான் சொன்னார். ரம்லாவும் ஒரே ஒருவருக்கு மட்டும்தான் சொன்னார்.

பட்டிமன்றத்தன்று டண்டினோங்கில் எடுத்த வாடகை மண்டபம் நிறைந்திருந்தது. யாருடைய மாமியாருக்கும் ஆபத்தில்லை என்று தெரிந்ததால் எல்லோரும் மாமியார்களோடு வந்திருந்தார்கள். அணிப் பேச்சாளர்கள் பேசி முடித்தார்கள். சந்திரவதனா எழுந்தார்.

"நடுவர் அவர்களே, ஊரில நாங்கள் பாக்காத துவக்கோ? அப்ப துவக்கு வைச்சிருந்த ஒருத்தரும் எங்களிட்டக் கேட்டு வைச்சிருக்கேல்லை. கேட்டிருந்தா நாங்கள் இஞ்ச வந்திருக்கமாட்டம்." மண்டபத்தை அதிக நேரம் யோசிக்க அவர் விடவில்லை. "அது போகட்டும். எதிரணித் தலைவரிட்டப் போன கிழமை ஒரு கிளப்பில துவக்குக் குடுத்தவை. அவர் என்ன செய்தவர் தெரியுமோ? சப்பாத்தைக் கழட்டிப்போட்டுக் கண்ணில ஒத்தினவர்! குழாய் நெத்திக்கு நேர! இவரைப் போல ஆக்களுக்கு உரிமை குடுத்தா, இந்த நாட்டில துவக்கு மிஞ்சும், நெத்தி மிஞ்சாது!"

சிரிப்பில் கதிரைகள் நகர்ந்தன. நடுவரே கண்ணைத் துடைத்தார். முன்வரிசையில் சிஹாப்தீன் தன் சப்பாத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேவராஜா மைக்குக்கு வந்தார். படித்த தீர்ப்புகள் ஒன்றும் தலையில் இல்லை. ஆனால் ஒரு யோசனை, பழுதுபட்ட சிக்னலில் கம்பி அகப்படுவதுபோல, திடீரென்று அகப்பட்டது.

"நடுவர் அவர்களே, எதிரணித் தலைவி இப்ப என்ர மானத்தை வாங்கினவ. அதுக்கு அவ ஆரிட்டயும் லைசன்ஸ் எடுத்தவவோ?"

"இல்லை!" என்றது கூட்டம்.

"தக்க காரணம் காட்டினவவோ?"

"இல்லை!"

"கலியாணம் கட்டின நாளில இருந்து அந்த வாய் சுட்டுக்கொண்டுதான் இருக்கு. ஒரு நாள் ஓய்ந்ததில்லை. எந்த அரசாங்கத்தாலயும் அதைப் பறிக்க ஏலாது. எல்லை போடலாமெண்டு நானும் பாத்தன், எந்த நீதிமன்றத்திலயும் செல்லாது. ஐயா, அனுமதி எண்டா பிழையாப் பாவிச்ச உடன பறிபோகும். எவ்வளவு பிழையாப் பாவிச்சாலும் பறிக்க ஏலாதது எதுவோ, அதுக்குப் பேர்தான் உரிமை! சூடுபட்ட நான் இன்னும் உயிரோட நிக்கிறன். அவ்வளவுதான்."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. சந்திரவதனாவும் சிரித்தார், சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எந்த ஆண்டும் "இரு அணிகளும் வென்றன" என்று சொல்லித் தப்பும் யோகேஸ்வரன் அன்றைக்குத் தப்பவில்லை. "உரிமை அணி" என்றார்.

சந்திரவதனா மைக்கின் அருகே வந்தார். கணவரைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார்.

"நீங்கள் சொன்னதுதான் சரி."

இந்த நொடிக்காகத்தான் தேவராஜா இவ்வளவு காலம் காத்திருந்தார். அது வந்தது. வந்ததும் அவருக்கு என்னவோ செய்தது. மனைவியின் முகத்தில் தோற்றவரின் வாட்டம் இருந்தது. அதை அவர் முன்பு பார்த்ததில்லை. பார்க்கவும் பிடிக்கவில்லை.

"இல்லை," என்றார் மைக்கில். "இவ சொன்னதுதான் சரி."

"டேய் தேவா, நீ வெண்டிட்டாய். போய் இரு" என்றார் நடுவர்.

"பகிடிக்கு வெண்டனான் அண்ணை. அண்டைக்கு அந்தத் துவக்கு கையில வந்த உடன எனக்குச் சந்தோசமா இருந்தது. எனக்கே! நாங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகும். ஒருத்தன் கத்திப் பறிச்ச பிறகுதான் அறிவு வந்தது. சிக்னல் பழுதானாச் சிவப்புத்தான் எரியவேணும். பச்சை எரியுற மாதிரிக் கட்டக்கூடாது. ஆரும் பறிக்க ஏலாத துவக்கு எண்டா, பழுதானாலும் பச்சை எரியுற சிக்னல்."

கூட்டத்துக்குக் கைதட்டுவதா, பேசாமல் இருப்பதா என்று தெரியவில்லை. யாரோ ஒரு மாமியார், "அப்ப ஆர் வெண்டது?" என்று கேட்டார். யோகேஸ்வரன் கையை விரித்து, பற்றிஸ் சாப்பிடப் போகச் சொன்னார்.

காரில் சந்திரவதனா தொடங்கினார்.

"நான் சொல்லிட்டன். என்ர வாக்கு முடிஞ்சுது."

"நான் மறுத்திட்டன். அது செல்லாது."

"அப்ப நான் சொன்னது பிழையோ?"

"நீர் சொன்னது சரி."

"எது சரி? நீங்கள் சொன்னது சரி எண்டு நான் சொன்னதோ?"

தேவராஜா அதை விளங்கிக்கொள்ள முயன்றதில் கிரான்பர்ன் திருப்பத்தைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டார்.

இந்த வழக்கு வீட்டில் இரண்டு ஆண்டு நடந்தது. பின்னேரத் தேநீரோடு தொடங்கும், இரவுச் சாப்பாட்டுக்கு ஒத்திவைக்கப்படும். இருவரும் விட்டுக்கொடுப்பதில் விட்டுக்கொடுக்கவில்லை. இந்த மாசியில் ஒருநாள் நடைக்குப் போய்விட்டு வந்து கதிரையில் இருந்த தேவராஜா எழும்பவில்லை. இதயம். மருத்துவர் சொன்ன காரணம் சரியானது. வேறு காரணம் தேட இடமில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டில் யோகேஸ்வரன் அந்தக் கதையைப் பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "உண்மையில தேவா தோத்தவன். மேடையில தானே ஒத்துக்கொண்டவன், பாவி."

சந்திரவதனா கத்தரிக்காய்க் கறி வாளியோடு வரிசையில் வந்துகொண்டிருந்தார். நின்றார்.

"நடுவர் அண்ணை, பிழையாச் சொல்லாதேங்கோ. வெண்டது அவர்."

"இல்லை வதனா, அவனே..."

"அவர்தான் வெண்டது."

யோகேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மற்றவர்கள் பக்கம் திரும்பி, "ஓம், அவன்தான் வெண்டது" என்றார். சந்திரவதனா அவருடைய இலையில் இரண்டு கரண்டி கறி போட்டார். அவர் போதும் என்று கையைக் காட்டியும், மூன்றாவதும் போட்டார்.