அத்தை எடுக்காத வழக்கு

அப்பாவின் அக்கா சுங்கை பட்டாணியில் குடும்ப வழக்குகளுக்குப் பெயர் போன வழக்கறிஞர். அலோர் ஸ்டாரிலும் கூலிமிலும் அவருடைய நிறுவனத்துக்குக் கிளைகள் உண்டு. வெளியே எல்லோருக்கும் அவர் லாயரம்மா. எங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் கைலிக்கு மாறி, தரையில் உட்கார்ந்து எங்களோடு டுரியான் பழம் தின்பார்.

எனக்கு ஒன்பது வயதானபோது, திகாம் பத்துவில் இருந்த சித்தப்பாவும் சித்தியும் பிரிவதென்று முடிவானது. சொந்த அக்காவே லாயராக இருக்கும்போது தனக்கென்ன என்று சித்தப்பா தெம்பாக இருந்தார். அத்தையோ, "ரெண்டு பேருமே என் வீட்டு ஆளுங்க. இந்தக் கேஸ நான் தொடமாட்டேன்" என்று சொல்லி, இருவரையும் வெவ்வேறு வழக்கறிஞர்களிடம் அனுப்பிவிட்டார். சித்தப்பா அவரோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை அத்தை என்னையும் சித்தியையும் காரில் ஏற்றிக்கொண்டு திகாம் பத்துவுக்குப் போனார். சித்தியின் தையல் மெஷின் அங்கேதான் இருந்தது. தரமாட்டேன் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். சித்தி காரை விட்டு இறங்கவில்லை. சித்தப்பா வாசலை மறித்து நின்றார்.

"நீ எனக்கு அக்காவா, அவளுக்கு லாயரா?"

"லாயருன்னா கோர்ட்டு பேப்பரோட வந்திருப்பேன்லா. அக்காங்கறதால வெறுங்கையோட வந்து நிக்கிறேன். ரவிக்கை தைச்சுத்தானேடா அவ பொழைக்கணும்? வா, அந்தப் பக்கம் பிடி."

சித்தப்பா வாசலை விட்டு விலகினார். பிறகு போய்ப் பிடித்தார். படியில் இறங்கும்போது இரும்புக்கால் அத்தையின் விரலில் இடிக்க, அத்தை கத்திய கத்தலில் சித்தப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காருக்குள் சித்தியும் சிரித்தார். மூடாத பின்கதவைச் சித்தப்பாவே கயிறு போட்டுக் கட்டினார். "மெதுவா ஓட்டுக்கா, மெஷின் ஆடும்" என்றார், சித்தியைப் பார்க்காமல்.

பண்டார் பாருவில், சித்தியின் அம்மா வீட்டில் மெஷினை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அத்தை அடிக்கடி கண்ணைத் துடைத்துக்கொண்டார். விரல் வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன்.

என் பத்தாவது பிறந்தநாளுக்குச் சித்தப்பாவும் வந்தார், சித்தியும் வந்தார். சித்தி கேக்கை வெட்டித் தட்டில் வைத்து நீட்ட, சித்தப்பா வாங்கிச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு துண்டு கேட்டார். நான் அத்தையிடம் ஓடினேன்.

"கேஸ் என்ன ஆச்சு அத்த?"

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. நல்லபடியா முடிஞ்சிருச்சுடா கண்ணு."

அதற்குமேல் கேட்க என்ன இருக்கிறது? உள்ளே போய், சித்தப்பாவுக்கும் சித்திக்கும் வழக்கமாகப் போடும் பாயை விரித்து, இரண்டு தலையணைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன்.