சிவப்பு மைப் பட்டியல்

“…அழகா கீறத எல்லாம் வச்சிகினு, அடிபட்டத எல்லாம் அனுப்பிட்டியே டீச்சரு. ஊட்ல ஒயச்சவள தொரத்திட்டு, சும்மா குந்திகினு இருந்தவளுக்கு சோறு போடுற மாரி கீது இது,” என்றார் அக்கா.

குட்டியானை லோடு வண்டி பள்ளிக்கூட வாசலில் திரும்பிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் அவர் முதலில் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கேட்டவரைக்கும் போதும். வண்டியின் பின்புறம் என்னுடைய புத்தகக் கட்டுகள் சணல் கயிற்றோடு குலுங்கிக்கொண்டு போயின. என்னுடைய என்று சொல்லக் கூடாது, பள்ளிக்கூடத்துப் புத்தகங்கள். ஆனால் அவற்றில் நான் ஊசி போடாத முதுகு ஒன்றுகூட இல்லை.

அக்கா எங்கள் பள்ளியில் கூட்டிப் பெருக்குகிறவர். நெமிலிச்சேரியிலேயே பிறந்து அங்கேயே வாழ்க்கைப்பட்டவர். நான் தெற்கேயிருந்து வந்து வேப்பம்பட்டில் குடியேறியவள். காலை ரயிலில் இரண்டாவது ஸ்டேஷனில் இறங்கினால் பள்ளிக்கூடம். நான் டீச்சரும் இல்லை. ப்ளஸ் டூவோடு படிப்பு நின்றது, பிறகு சில வருஷம் ஒரு தையல் கடையில் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்தேன். பெற்றோர் ஆசிரியர் கழகம் நூலகத்துக்கென்று தற்காலிகமாக வைத்த ஆள் நான். எத்தனை முறை சொல்லியும் அக்காவுக்கு நான் டீச்சர்தான். “புக்க தொடுற கை எல்லாம் டீச்சரு கைதான்” என்பார்.

நான் சேர்ந்த அன்று நூலகம் என்பது இரண்டு இரும்பு பீரோக்கள், இரண்டிலும் பூட்டு. பொறுப்பிலிருந்த ஆசிரியர் நல்ல மனிதர்தான். ஒரு புத்தகம் குறைந்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். “பூட்டி வச்சா எண்ணிக்கை சரியா இருக்கும்மா” என்று சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போனார். நான் முதல் வேலையாகப் பூட்டுகளைக் கழற்றினேன். அதில் ஒரு பூட்டை அக்கா கேட்டு வாங்கிக்கொண்டார். பசங்கள் துடைப்பங்களை எடுத்துப் போய் கிரிக்கெட்டுக்கு ஸ்டம்பு நடுகிறார்களாம். “உன் புக்க எவனும் தூக்க மாட்டான், என் தொடப்பத்துக்குதான் கிராக்கி” என்று சொல்லி, துடைப்ப அலமாரியில் அதைப் போட்டார். ஒன்பது வருஷமாக அந்தப் பூட்டு அங்கேதான் தொங்கியது.

ஒன்பது வருஷத்தில் இரண்டு பீரோ ஒரு அறையானது. அம்பத்தூர், ஆவடிப் பக்கம் அடுக்குமாடிகளில் வீடு காலி செய்கிறவர்கள் யாரென்று விசாரித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பையோடு போவேன். ஐ.டி. வேலையில் இருப்பவர்கள் தாராளமாகக் கொடுப்பார்கள். கொடுப்பதில் பாதி செங்கல் கனத்துக்கு மென்பொருள் கையேடுகள், பளபளவென்ற அட்டையோடு. அந்த மென்பொருளே செத்துப் பல வருஷம் ஆகியிருக்கும். வேண்டாம் என்று சொன்னால் மறுமுறை கூப்பிட மாட்டார்களே என்று வாங்கி வந்து மேல்தட்டில் அடுக்குவேன். அவற்றுக்கு நடுவே அவர்கள் பிள்ளைகள் வளர்ந்து கழித்த கதைப் புத்தகம் நாலைந்து கிடைக்கும். அதற்காகத்தான் போவதே.

அந்த நாலைந்துதான் எங்கள் நூலகம். பேய்க் கதை ஒன்று, பாம்புகளின் படப் புத்தகம் ஒன்று, விடுகதைத் தொகுப்பு, கிணறு வெட்டப் போன இரண்டு சகோதரர்களின் கதை. இவை அலமாரியில் இருந்ததே கிடையாது. ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்குப் போய்க்கொண்டே இருக்கும். சாம்பார் பட்டு, மழை பட்டு, தம்பி தங்கை கையில் பட்டுத் திரும்பி வரும். எங்கள் பிள்ளைகளிடம் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. புத்தகத்தின் பெயரைப் பார்க்க மாட்டார்கள், முதுகைப் பார்ப்பார்கள். எது நைந்திருக்கிறதோ அதை எடுப்பார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தியிடம் புதுப் புத்தகம் ஒன்றை நீட்டியபோது, “புதுசா இருந்தா யாருக்குமே புடிக்கலன்னு அர்த்தம் மிஸ், கிழிஞ்சது குடுங்க” என்றாள்.

மைதா மாவில் துளி மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சுவேன், பூச்சி வராது. காடாத் துணி வெட்டி முதுகுக்கு ஒட்டுவேன். பிரிந்த தாள்களைக் கோணி ஊசியால் தைப்பேன். தையல் கடைக் கை அதற்கு உதவியது. பேய்க் கதையின் கடைசி இரண்டு பக்கம் காணாமல் போனபோது, முன்பே படித்திருந்த பெண்ணொருத்தியை உட்காரவைத்து நோட்டுத் தாளில் எழுதச் சொல்லி ஒட்டினேன். கதையில் திருடனை ஊரார் கட்டிவைத்து அடிப்பார்கள். அவள் எழுதிய முடிவில் பேய் அவனுக்கு மோர் கொடுத்து அனுப்பிவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் புத்தகத்துக்கு இன்னும் கூட்டம். திருப்பித் தரும்போது பிள்ளைகள் சொல்வதை வழங்கும் நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைப்பேன். “இந்தப் பேய் எங்க சித்தி மாதிரி, திட்டும் ஆனா சோறு போடும்” என்று ஒருவன் சொன்னது இன்னும் அங்கே இருக்கிறது.

ஒவ்வொரு புத்தகமும் வந்த வரிசையில் பெயரோடு ஏறுகிற பெரிய பதிவேடு ஒன்று உண்டு. அதில்தான் நான் ஒரு காரியம் செய்தேன். தையல் கடையில் அளவு நோட்டு வைத்திருப்போம். எந்தத் துணியில் கை வைத்துத் திருத்தினோமோ அதற்கு எதிரே சிவப்பு மையில் குறிப்பு. அதே பழக்கத்தில் பதிவேட்டிலும் எழுதினேன்: தைத்தது, ஒட்டியது, அட்டை மாற்றியது, மறுபடி தைத்தது. யாரும் கேட்காமலே எழுதினேன். என் உழைப்புக்கு வேறு சாட்சி கிடையாது அல்லவா? சில வரிகளில் சிவப்பு மை எழுத இடமில்லாமல் ஓரத்தில் ஏறி மேலே போகும். அந்த வரிகளைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கும்.

இந்த வருஷம் நூலக அறையைத் திரையும் புரொஜெக்டரும் உள்ள வகுப்பாக மாற்ற முடிவானது. படிக்கட்டு ஓரம் ஒரு பீரோவுக்கு மட்டும் இடம். திங்கட்கிழமை பார்வையிட ஆட்கள் வருகிறார்கள், அதற்குள் சேதமானவற்றைக் கழித்துவிட வேண்டும் என்று தலைமையாசிரியர் அம்மா சொன்னார். பதிவேட்டை அலுவலகத்துக்குக் கேட்டார்கள், கொடுத்தேன்.

வியாழக்கிழமை மதியம் பட்டியல் தட்டச்சாகி வந்தது. முதல் பெயர் பேய்க் கதை, அடுத்தது பாம்புகள். விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். விடுகதை, கிணறு, எல்லாம் இருந்தன. அலுவலக உதவியாளர் ஒரு புத்தகத்தையும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. “நீங்கதான் அழகா சிவப்புல மார்க் பண்ணி வச்சிருக்கீங்களே மேடம், வேலை ஈஸியா முடிஞ்சுது, தேங்க்ஸ்” என்றார். மனதார நன்றி சொன்னார் அவர்.

சிவப்பு என்றால் எனக்குக் கவனம். அலுவலகத்துக்குச் சிவப்பு என்றால் குறை.

தலைமையாசிரியர் அம்மாவிடம் போனேன். இவைதான் பிள்ளைகள் படிக்கிறவை, பளபளப்பாக இருப்பவற்றை யாரும் தொடுவதில்லை என்றேன். அவர் கோபப்படவில்லை. “நீங்க சொல்றது புரியுதும்மா. வர்றவங்க ஒட்டுப்போட்ட புத்தகத்தப் பார்த்தா பராமரிப்பு இல்லன்னு எழுதிட்டுப் போவாங்க. நீங்க ஒன்பது வருஷம் பராமரிச்சத நானா போய் அவங்ககிட்ட சொல்ல முடியும்?” என்றார். பிள்ளைகளே வீட்டுக்கு எடுத்துப் போகட்டுமே என்று கேட்டேன். “பள்ளிக்கூட சீல் இருக்கு. பட்டியல்ல இருக்கிறது ஒண்ணு வெளிய சுத்தினாலும் திருட்டுன்னு ஆகிடும். என் தலையிலதான் விழும்.” பட்டியலை என் பக்கம் தள்ளினார். பொறுப்பாளர் கையெழுத்து என்று கீழே ஒரு கோடு.

அன்று கையெழுத்துப் போடவில்லை. வெளியே வந்தபோது அக்கா படிக்கட்டைக் கழுவிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

“இதுக்கா மூஞ்சிய தொங்க போட்டுகினு வர்ற? கிழிஞ்சாதானே கயிப்பாங்க? அந்த மேல்தட்டு தடி புக்கு கீதே, அத நாலு பிய்யி பிச்சி உடு. பட்டியல்ல அத போடு, இத எடு. கணக்கும் சரி, காரியமும் சரி.”

“அது தப்புக்கா.”

“இன்னா தப்பு? அத எவன் ஊட்டு புள்ள படிக்குது? நான் தூசு தட்றதுக்குனே பொறந்த புக்கு அது.”

வெள்ளிக்கிழமை காலை முதல் மணி அடிப்பதற்கு முன்பு அறைக்குள் போய் ஒரு மென்பொருள் கையேட்டை எடுத்தேன். அட்டையைப் பிரித்து முதல் பக்கத்தைப் பிடித்தேன். வழுவழுப்பான, கெட்டியான தாள். பிறந்ததிலிருந்து யாரும் திறந்து பார்க்காத தாள். இரண்டு விரலுக்கு நடுவே பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்பது வருஷமாக ஒட்டிய கை அது, கிழிக்க வரவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அக்கா, “குடு, நான் கிழிக்கிறேன்” என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. புத்தகத்தை மூடி இருந்த இடத்திலேயே வைத்தேன். பிறகு போய்க் கையெழுத்துப் போட்டேன்.

அதை நேர்மை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. பயம் அதில் பாதி. தற்காலிக ஆளை ஜூன் மாதம் மறுபடி எடுக்காமல் விட்டுவிடுவார்களோ என்ற பயம். மீதிப் பாதி என்னவென்று எனக்கே தெரியவில்லை. கொடுத்திருந்தால் அக்காவுக்கு ஐந்து நிமிஷ வேலை.

சனிக்கிழமை மதியம் பழைய பேப்பர்க்காரர் வண்டியோடு வந்தார். காடாத் துணி ஒட்டிய முதுகுகளைப் பார்த்துவிட்டு, “பைண்டிங் நல்லா கீது, யாரு போட்டது?” என்று கேட்டார். எடைக்குத் துணி சேராது என்று, நான் ஒட்டியதையெல்லாம் அங்கேயே நின்று பட்டுப்பட்டென்று உரித்துப் போட்டார். பேய்க் கதையிலிருந்து அந்த நோட்டுத் தாள்கள் இரண்டும் கழன்று விழுந்தன. அவற்றையும் மடித்துக் கட்டுக்குள் செருகினார்.

சிறப்பு வகுப்பு முடிந்து வந்த பிள்ளைகள் நாலு பேர் படிக்கட்டு ஓரத்துக்கு வந்துவிட்ட பீரோவைத் திறந்து பார்த்தார்கள். மேலிருந்து கீழ்வரை கண்ணாடி போல அட்டைகள். ஒரு பெண் முதுகுகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். எதிலும் விரல் நிற்கவில்லை. “எல்லாம் புதுசு மிஸ்” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சத்தம் வராமல் சாத்தினாள், சாவு வீட்டுக் கதவைச் சாத்துவது மாதிரி. அவர்கள் அப்புறம் ஸ்டேஷன் பக்கம் நடந்து போய்விட்டார்கள்.

அதன் பிறகுதான் வண்டி கிளம்பியது. உழைத்தவளைத் துரத்திவிட்டுச் சும்மா குந்தியிருந்தவளுக்குச் சோறு போட்ட கதையை அக்கா சொன்னதும் அப்போதுதான். அவர் சொன்னதை நோட்டின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. வழக்கமாக இந்த மாதிரி ஒன்று சொல்லிவிட்டு அவரே முதலில் சிரிப்பார். அன்று சிரிக்கவில்லை.

சிதறிக் கிடந்த துணித் துண்டுகளையும் நூலையும் ஒரு மூலையில் கூட்டினார். துடைப்ப அலமாரிக்குப் போனார். ஒன்பது வருஷமாக அங்கே தொங்கிய பூட்டைக் கழற்றி, புடவைத் தலைப்பால் துரு துடைத்துக்கொண்டே திரும்பி வந்தார். பீரோவின் கொண்டியில் அதை மாட்டி அழுத்தினார். ஒருமுறை இழுத்துப் பார்த்தார். சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அடுத்த மாடிக்கு ஏறிப் போனார்.