மூச்சு சாரின் அக்கறை

விமானத்தில் பெட்டியைத் தொலைத்தவர்கள் எழுதும் புகார்களுக்கு வீட்டிலிருந்தே பதில் போடுவது அவள் வேலை. படுக்கையறை மூலையில் கிடந்த தையல் மேசைதான் அலுவலகம். கணவனுக்கு வெளியூரில் வேலை. மகளும் பள்ளிக்குப் போய்விட்டால், சாயங்காலம் வரை அவளிடம் பேச்சுக் கொடுப்பவர்கள் எல்லாரும் திட்டுகிறவர்கள்தான்.

அவளுடைய மேலாளருக்கு ஊழியர்களின் மனநலத்தில் அப்படியொரு அக்கறை. யார் எதைச் சொன்னாலும் மூச்சை நன்றாக இழுத்து விடச் சொல்வார். அதனால் அவர் பெயரே மூச்சு சார். மனநலத்துக்கென்று ஒரு செயலியும் கொண்டுவந்தார். காலையில் அதிலுள்ள ஐந்து முகங்களில் ஒன்றை அழுத்தினால்தான் வேலைத் திரை திறக்கும். அழும் முகத்தை அழுத்தினால் மூன்று நிமிடம் ஓர் அருவி ஓடும். அந்த மூன்று நிமிடத்தைச் சாப்பாட்டு இடைவேளையிலிருந்து கழித்துக்கொள்வார்கள்.

பதினேழு நாள் அவள் அழும் முகத்தையே அழுத்தினாள். அருவியும் சளைக்காமல் ஓடியது. மூச்சு சார் ஒரு போன் பண்ணவில்லை. எத்தனை பேர் செயலியைத் திறந்தார்கள் என்று தலைமை அலுவலகத்துக்குப் பட்டியல் அனுப்பி, பாராட்டுப் பத்திரம் வாங்கி, அதைப் பிடித்தபடி படமும் எடுத்துக்கொண்டார்.

பதினெட்டாம் நாள், கல்யாணப் புடவை தொலைந்த ஒரு பெண்ணுக்குப் பதில் எழுத உட்கார்ந்தவளுக்குக் கை ஓடவில்லை. அரை மணி நேரம் திரை அப்படியே நின்றது. அதைக் கவனித்தவர், ஷிப்ட் பிரித்துக் கொடுக்கும் அக்கா. உடனே போன் செய்தார்.

"என்னம்மா, ரொம்ப நேரமா ஒண்ணும் எழுதக் காணோம். உனக்கு என்ன பண்ணுது?"

கேட்டதுதான் தாமதம், உடைந்து அழுதாள். அக்கா புத்தி சொல்லவில்லை. அழுது முடிக்கும்வரை போனை வைக்கவுமில்லை. கடுமையான புகார்களை அன்றே நாலு பேருக்குப் பிரித்துவிட்டார். பத்து நாள் விடுப்பு எழுதவைத்து, டாக்டரிடம் தானே கூட்டிப்போனார். அவள் திரும்பி வந்த பிறகும் தினமும் கூப்பிட்டு, வேலையைத் தவிர மற்றதெல்லாம் பேசினார்.

இரண்டு மாதத்தில் அவள் தேறிவிட்டாள். மூச்சு சாருக்கு மூக்கு வியர்த்தது. வீடியோ கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அவளைக் கூப்பிட்டு, செயலியால் பிழைத்த கதையைச் சொல்லச் சொன்னார்.

"பதினேழு நாள் அழுற முகத்தை அழுத்தினேன் சார். உங்க பட்டியல்லயே இருக்கும், பாருங்க. என்ன ஆச்சுன்னு கேட்டது அக்கா மட்டும்தான்."

அவருக்குச் சட்டென்று இணைப்பு அறுந்துவிட்டதாம்.

அடுத்த மாதம் மற்றக் கிளைகளுக்கும் மனநலம் கற்றுக்கொடுக்கும் பதவி உயர்வு அவருக்கு வந்தது. அக்கா அதே நாற்காலியில்தான் இருக்கிறார். புதிதாகச் சேர்ந்த இருவரை இப்போது அவள் தினமும் கூப்பிட்டு விசாரிக்கிறாள். அந்த நேரத்தை வேலை நேரக் கணக்கில் எந்தத் தலைப்பில் பதிவது என்று கேட்டு மூச்சு சார் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். அவள் இன்னும் பதில் போடவில்லை.