மாமா வேண்டாமென்ற கப்பல்

நகரியில் எங்கள் தெருவில் கப்பலுக்குப் படித்தவர் என் மாமா ஒருவர்தான். அம்மாவின் தம்பி. சென்னையில் கப்பல் கல்லூரிப் படிப்பை முடித்து, கடலில் பயிற்சியும் முடித்து, மூன்றாம் ஆபீசர் ஆகியிருந்தார். தெருவில் மற்றவர்களெல்லாம் விடிந்ததும் பவர்லூம் சத்தத்துக்குள் போய்விடுகிறவர்கள். மாமாவோ ஏழெட்டு மாதம் கண்ணிலேயே பட மாட்டார். வந்தால் மூன்று நான்கு மாதம் வீட்டை விட்டு நகர மாட்டார். பத்து மணிக்கு எழுந்து, அரைக்கால் சட்டையோடு எங்களுடன் கேரம் ஆடுவார். எட்டு வயதில் எனக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் எதுவும் தெரியாது.

அப்படி வந்திருந்த ஒரு சமயம், சத்தியவேட்டில் அவருக்குப் பெண் பார்த்தார்கள். விவசாயக் குடும்பம். நானும் கூடப் போய் பஜ்ஜி தின்றுவிட்டு வந்தேன். மற்றவர்களெல்லாம் கப்பல் முழுகிவிடாதா என்று கேட்டுக்கொண்டிருக்க, அந்தப் பெண் மட்டும் “கப்பல்ல ஞாயித்துக்கிழமை லீவு உண்டா?” என்று கேட்டாளாம். மாமா அதை அம்மாவிடம் மூன்று நாள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த வாரமே கம்பெனியிலிருந்து போன் வந்தது, சிங்கப்பூரில் வந்து கப்பலேறச் சொல்லி. மாமா இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார். பிறகு அம்மாவிடம் திரும்பி, “இந்தக் கப்பல் வேணாம்னு சொல்லிட்டேன்கா. அப்புறமா பாத்துக்கலாம்” என்றார். அம்மா முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு அவளைவிடச் சந்தோஷம்.

நிச்சயத்துக்கு முன்னால் பெண் வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் மாப்பிள்ளையின் தெருவுக்கு வந்து விசாரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். வீட்டாரைக் கேட்டால் பெருமைதானே பேசுவார்கள்? நான் முன்பின் பார்த்திராத இரண்டு பெரியவர்கள் பைக்கில் வந்து, பெட்டிக்கடை வாசலில் பள்ளிக்கூடப் பையோடு நின்ற என்னைக் கேட்டார்கள்.

“கப்பல்ல வேலை செய்றாரே, அவர தெரியுமா பாப்பா?”

“எங்க மாமாதான்!”

“எப்ப மறுபடி வேலைக்குப் போறாரு?”

“போமாட்டாரு. கம்பெனில கூப்ட்டாங்க, வேணாம்னுட்டாரு. வூட்லயே கேரம் ஆடிக்கினு இருக்காரு.”

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் ஏதோ கேட்டார்கள், அதற்கும் சொன்னேன். எனக்கு ஒரு சாக்லேட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மாமாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்ன திருப்தியோடு அதைத் தின்றுகொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இரண்டாம் நாள் தரகர் வந்தார். “புள்ள வேலைய வுட்டுட்டு வூட்ல குந்திக்கினு கீறான்னு இந்தத் தெருவுலயே சொன்னாங்களாம்மா” என்றார். நைனா, அதாவது என் அப்பா, சத்தியவேட்டுக்கே போய், கப்பல் வேலை என்றால் அப்படித்தான், ஒரு கப்பலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வீட்டில்தான் இருப்பார்கள் என்று விளக்கிப் பார்த்தார். எடுபடவில்லை, சம்பந்தம் நின்றுபோனது. எதிர்வீட்டு அத்தைதான் வத்தி வைத்தாள் என்று முடிவு கட்டி, அம்மா அவளோடு பேச்சை நிறுத்தினாள். சொன்னது யாரென்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை.

மாமா கேரம் பலகையைத் தொடவில்லை. தானே கம்பெனிக்குப் போன் செய்து, கிடைத்த கப்பலுக்குச் சம்மதித்தார். புறப்பட்ட அன்று பஸ் ஸ்டாண்டில், நைனா தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரம் பார்த்து, அழுதபடியே எல்லாவற்றையும் அவரிடம் ஒப்பித்துவிட்டேன். அடிப்பார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவர் என் தலையில் கை வைத்தார்.

“இன்னாத்துக்கு கப்பல வேணாம்னேன்னு அவங்க கேக்கலயா?”

“கேட்டாங்க மாமா.”

“நீ இன்னா சொன்னே?”

“என்கூட ஆடறதுக்குத்தான்னு சொன்னேன்.”

மாமா என் கண்ணைத் துடைத்துவிட்டார். சென்னை பஸ் வந்தது, ஏறிக்கொண்டார். சத்தியமாக, நான் அன்று அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.