அழிய மறுத்த கோப்புகள்

பிறர் ஆயத்தம் செய்து தரும் இயங்குதளத்தைக் கணினியில் அப்படியே ஏற்றிக்கொள்ள என் மனம் ஒருபோதும் ஒப்பியதில்லை. உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று யார் கண்டது? ஆகவே எவரும் படித்துப் பார்க்கக்கூடிய அதன் மூலநிரலை இறக்கி, கறம்பக்குடியில் என் வீட்டு மேசையிலேயே நானே அதைக் கணினி இயக்கும் வடிவுக்குத் தொகுத்து நிறுவிக்கொள்வேன். ஆண்டுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வரும். ஆண்டுக்கு ஒருமுறை இந்த வேலை.

இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு இதைத் தொலைபேசியிலேயே சொல்லிக்கொடுத்தவர் என் மனைவியின் தம்பி. வளைகுடாவில் கணினிப் பராமரிப்புப் பணியில் நெடுங்காலம் இருந்தவர். சில திங்களுக்கு முன்னர்தான் பணியை முடித்துக்கொண்டு கடலோர மணமேல்குடிக்குத் திரும்பியிருந்தார். ஞாயிறுதோறும் மீனோடு பேருந்தில் வந்து இறங்குவார். உண்டபின் என் கணினியில் சிறிது நேரம் அமர்வார். கடவுச்சொல் அவருக்கும் தெரியும்.

இவ்வாண்டு தொகுப்பு பாதியில் நின்றது. காலையில் தொடங்கினால் நண்பகலுக்குள் பிழைச்செய்தி. மூன்று நாள், மூன்று முறை, ஒரே இடத்தில். மூலநிரலில் ஓர் எழுத்தைக்கூட நான் தொட்டிருக்கவில்லை. நான்காம் நாள், தொகுக்கும்போது உண்டாகும் இடைக்கோப்புகள் சேரும் கோப்புறையைத் திறந்து பார்த்தேன். நான் அறியாத பெயர்களில் கோப்புகள் குவிந்து கிடந்தன. புதிய மூலநிரலை இறக்கியதோ சென்ற வாரம். இவை ஓராண்டுக்கு முந்தைய நாளைக் காட்டின. கோப்பின் நாளை மாற்றுவது கணினி அறிந்தவருக்கு அரிதன்று என்று அப்போதே எண்ணினேன்.

அழிக்கக் கட்டளையிட்டேன். சில அழிந்தன, சில மறுத்தன. அனைத்து உரிமையும் உடைய முதன்மைப் பயனராக நுழைந்து ஆணையிட்டேன். அப்போதும் ‘இதற்கு இசைவில்லை’ என்ற பொருளிலேயே விடை வந்தது. என் வீட்டில், என் கணினியில், எனக்கே இசைவில்லையாம்! யாரோ வேண்டுமென்றே பூட்டியிருக்க வேண்டும். சான்று அழிந்துவிடலாகாது என்று எஞ்சியவற்றைத் தொடாமல் விட்டு, மறுத்த கோப்புகளின் பெயர்களைத் தாளில் எழுதிக்கொண்டேன்.

என்னைத் தவிர அந்தக் கணினியைத் தொட்டவர் ஒருவரே. மனைவியிடம் சொன்னேன்.

“என் தம்பியவா சொல்றீங்க?” என்று அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். “கேஸ் சிலிண்டர எடை போட்டுப் பாத்துட்டுத்தான் எறக்கவிடுவீங்க. பால்காரரு கறக்கையில பக்கத்துல போயி நின்னீங்க. வெளியாளெல்லாம் முடிஞ்சுது, இப்ப வீட்டாளுக்கு வந்துட்டீங்களா?”

“சான்று இருக்கு.”

“அத வச்சுக் கும்புடுங்க. அவன் மனசு நொந்து இந்தப் படிய மிதிக்கலைன்னா, எனக்குன்னு வாறதுக்கு வேற யாரு இருக்கா?”

அன்று மாலையே கடவுச்சொல்லை மாற்றினேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வழக்கம்போல் வந்தார், உண்டார், கணினி முன் அமர்ந்தார். இருமுறை தட்டிப் பார்த்துவிட்டு மெல்லத் திரும்பினார்.

“பாஸ்வேர்டு மாத்திட்டீங்களா மச்சான்?”

நான் தாளை அவர் முன் வைத்து, நிகழ்ந்ததைக் கூறினேன். குற்றம் சாட்டவில்லை, கேட்டேன், அவ்வளவே. ஆனால் அந்தத் தாளே போதுமானதாயிருந்தது. அவர் எழுந்து, நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

“உக்காருங்க. நீங்களே அடிங்க, நான் சொல்றேன். நான் கை வச்சா அப்புறம் அதுக்கும் ஒரு தாள் எழுதுவீங்க.”

சமையலறையில் பாத்திர ஓசை நின்றது.

“இது போன வருசம் நீங்க கம்பைல் பண்ணுனதோட மிச்சம். முடிச்சதும் சுத்தம் பண்ணச் சொன்னேன்ல? பண்ணலை. புதுசு ஓடுறப்ப, பழசு இருக்கவும், இது ஏற்கெனவே ஆயிருச்சுன்னு அத அப்படியே எடுத்து ஒட்டுது. பொருந்தலை, நிக்கிது. போன வருசம் நான் எங்க இருந்தேன்?”

“வளைகுடாவில்.”

“அங்கிட்டு இருந்துக்கிட்டு இங்க பூட்டுப் போட்டேனாக்கும்!”

“சரி, பூட்டினது யாரு?”

“சிஸ்டமேதான். முக்கியமான பைல யாரும் தெரியாம அழிச்சிறக் கூடாதுன்னு சிலதுல அதுவா ஒரு குறி போட்டுக்கிரும். மொதல்ல குறிய எடுக்கணும், பெறகு டெலிட்டு. கையேட்டுலயே இருக்கு. படிக்கலையா வாத்தியாரே?”

படித்திருந்தேன். அந்தப் பக்கத்தைத் தேவையற்றதெனக் கடந்திருந்தேன். அவர் சொல்லச் சொல்ல இரு கட்டளைகளைத் தட்டச்சு செய்தேன். முதலாவது காப்புக் குறியை நீக்கியது. இரண்டாவது கோப்புறையையே வெறுமையாக்கியது. எந்த மறுப்பும் வரவில்லை. தொகுப்பை மீண்டும் தொடங்கினேன்.

அது முடியும்வரை அவர் தங்கவில்லை. எப்போதும் ஐந்தரை மணிப் பேருந்தில் போகிறவர், மூன்று மணிக்கே புறப்பட்டார். “வாரேன்க்கா” என்று தமக்கையிடம் சொன்னார். என்னிடம் தலையசைத்தார். தொகுப்பு விளக்கேற்றும் வேளையில் ஒரு பிழையுமின்றி முடிந்தது. அதை எடுத்துரைத்தபோது மனைவி செவி கொடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறன்று கணினியில் அவருக்கெனத் தனிப் பயனர் கணக்கொன்றை உண்டாக்கி, உணவின்போது மனைவியும் கேட்கும்படி அதன் கடவுச்சொல்லைச் சொன்னேன்.

“தவறு என்னுடையது மாப்பிள்ளை” என்றும் சொன்னேன்.

“அதெல்லாம் விடுங்க மச்சான்” என்றார். “கொழம்புல புளி கொஞ்சம் தூக்கலா இருக்குல்லக்கா?”

இப்போதும் வருகிறார், மீனோடுதான். உண்டபின் மின்விசிறியின் கீழ்ச் சாய்ந்து கைப்பேசியைப் பார்க்கிறார். மேசைப் பக்கம் பார்ப்பதில்லை. மறந்துவிட்டாரா, மன்னித்துவிட்டாரா, அல்லது இதுதான் அவர் எனக்குத் தரும் விடையா என்று அவர் முகத்தை ஆராய்ந்து பார்க்கிறேன், பிடிபடவில்லை. ஞாயிறன்று நான் கோயிலுக்கோ கடைக்கோ போகும் நேரத்தில் ஒருகால் அவர் கணினி முன் அமர்ந்திருக்கக்கூடுமென்று, திங்கட்கிழமை காலைகளில் யார் யார் கணினியில் நுழைந்தார்கள் என்ற பதிவேட்டைத் திறந்து பார்க்கிறேன். இன்று காலையும் பார்த்தேன். என் பெயர் மட்டுமே இருந்தது.