வல்லத்தில் வாயசைத்துப் பாடிய ஞாயிறு

காலை 7.10. தாம்பரத்தில் ரயிலை விட்டு இறங்கியதுமே தொண்டையைக் கனைத்துப் பார்த்துக்கொண்டேன். பாளையங்கோட்டையில் எங்கள் வேதக்கோவிலில் பாட்டை எடுத்துக் கொடுப்பவன் நான்தான். மைக் தேவைப்படாத ஆள் என்று பெயர். ஒரகடம் பக்கத்து வல்லத்தில் என் மச்சினன் செல்வராஜ் வீட்டில் பதினொரு மணிக்கு ஜெபக்கூட்டம். பாடத்தான் அழைத்திருந்தான்.

8.40. பஸ்ஸில் படப்பை வந்தேன். அங்கிருந்து ஒரகடம் ஒன்பது கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் முப்பது ரூபாய். அங்கே வேறு ஆட்டோ பிடித்தேன். வீட்டு அடையாளம் சொன்னதும் டிரைவர், "ஸ்டெல்லாக்கா வூடா? அங்க சத்தம் போடக் கூடாது சார்" என்று தெருமுனையிலேயே இறக்கிவிட்டார்.

வாசலில் செல்வராஜின் மனைவி ஸ்டெல்லா உதட்டில் விரல் வைத்தபடி நின்றாள். கூடத்தில் மூன்று பெண்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்கள். அவர்கள் தங்கியிருக்கும் அறைக்குப் பக்கத்தில் நாலு நாளாக டைல்ஸ் வெட்டுகிறார்களாம்; அதனால் ஸ்டெல்லா இங்கே படுக்க வைத்திருந்தாள். தூக்கமில்லாமல், இசக்கியம்மாள் என்ற பெண் வேலை நேரத்தில் கண்ணயர்ந்துவிட்டாள். இன்னொரு தடவை தூங்கினால் வேலை போய்விடும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். மாலை ஐந்தரைக்கு அவளுக்கு மறுபடியும் கம்பெனி பஸ்.

அப்படியானால் ஜெபம் எப்படி நடக்கும் என்று கேட்டேன்.

"ஆண்டவருக்கு மெதுவா சொன்னாலும் கேக்கும்ணா. இதுங்க தூங்கிக்கினு இருக்கட்டும்."

எனக்குக் கோபம்தான். அறுநூறு கிலோமீட்டர் வந்தது வாயைப் பொத்திக்கொள்ளவா?

11.00. சமையலறையில் பத்துப் பேர் நெருக்கியடித்து நின்று உதட்டால் மட்டும் பாடினோம். கைதட்டுவதற்குப் பதில் விரல்தட்டல். மூன்றாவது பாட்டில் பழக்க தோஷம், ஒரு வரி முழுக்குரலில் கிளம்பிவிட்டது. எல்லாத் தலையும் கூடத்தை நோக்கித் திரும்பின. இசக்கியம்மாள் புரண்டு படுத்தாள், அவ்வளவுதான். ஸ்டெல்லா முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிக்க, எங்களுக்கும் தாளவில்லை. சத்தமில்லாமல் பாடிவிடலாம், சத்தமில்லாமல் சிரிப்பதுதான் கஷ்டம். கோவிலில் இவ்வளவு சந்தோஷமாக நின்று எனக்கு எத்தனையோ வருடமாகிறது.

2.15. பழைய இரும்பு வாங்கும் வண்டி ஒலிபெருக்கியோடு வந்தது. நானே தெருமுனைக்கு ஓடி, உதட்டில் விரல் வைத்து நிறுத்தினேன்.

4.30. இசக்கியம்மாள் எழுந்து, கோழிக் குழம்பை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எங்கள் பக்கத்துப் பெண், சங்கரன்கோவில்காரி.

"ஏழு மணி நேரம் தூங்கிட்டேன் பெரியப்பா. கனவுல யாரோ ஒரே ஒரு வரி பாடுனாவ. நல்லா இருந்துச்சு."

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, முகம் தெளிந்து கையசைத்துப் போனாள்.

எங்கள் வீட்டு மாடியிலும் விருந்தினருக்கென்று ஓர் அறை உண்டு. வாங்கிய மெத்தையின் பிளாஸ்டிக் உறையை இன்னும் பிரிக்கவில்லை. திரும்பும் வழியில் மனைவிக்குப் போன் செய்து, அதைக் கிழித்துப் போடச் சொன்னேன். யார் வருகிறார்கள் என்று கேட்டாள். இனிமேல்தான் தேட வேண்டும் என்றேன்.