வெயிலடித்தால் போகும் நெட்

மலைமேல் இருக்கும் எங்கள் நாயுடுபுரம் வீட்டில் மழை பெய்தால் நெட் வரும், வெயிலடித்தால் போய்விடும். இது என்ன கூத்து என்று மண்டை காய்ந்தது. லைன் பார்க்கும் முருகேசன் வந்து சேர்வதற்குள் மூடுபனி இறங்கிவிடும், நெட்டும் வந்துவிடும்.

"நல்லாத்தானே ஓடுதுங்க அக்கா?" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு வேலையே தெரியவில்லை என்று அவருடைய அலுவலகத்துக்கு மூன்று முறை புகார் செய்தேன்.

நான்காம் முறை வெயில் இருக்கும்போதே வந்துவிட்டார். கொல்லைப்புறம் போனவர் அப்படியே நின்றார்.

"அக்கா, இது என்னன்னு நெனச்சீங்க?"

பழைய டிவி ஒயர் என்று நினைத்து, வெயில் தலைகாட்டும்போதெல்லாம் நான் ஈரக் கம்பளிகளைக் காயப்போடும் கறுப்பு ஒயர். நெட் அதில்தான் வருகிறதாம். பாரம் தாங்காமல் மடங்கிக் கிடந்தது. கம்பளிகளை அவர் எடுத்ததும் மோடத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

அந்நேரம் அலுவலகத்திலிருந்து அவருக்குப் போன். "யார் மேலய்யா தப்பு?" என்று அதட்டியது எனக்கே கேட்டது.

என்னை ஒருமுறை பார்த்தார். "லைன்ல ஈரம் சார். சரி பண்ணியாச்சு."

பையிலிருந்த மிச்ச ஒயரில் எனக்கு ஒரு துணிக்கொடியும் கட்டிக் கொடுத்தார்.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். இல்லை. "நாளைக்கும் நெட் வருமுல்ல?" என்றுதான் கேட்டேன்.